உழைக்கிறவர்களுக்கு வராத நோயா?

நம்முடைய பத்திரிகைகளிலும், பட்டிமன்ற மேடைகளிலும், கல்யாண வீட்டுத் திண்ணைப் பேச்சிலும், ஏன், சில வைத்தியர்களின் வாயிலுங்கூட, சில வருஷங்களாக ஓர் அபிப்பிராயம் மறுக்க முடியாத சித்தாந்தம்போல நிலைபெற்று வருகிறது. மனச்சோர்வு என்பது பட்டணத்து நோய். குளிர்சாதன அறையிலே நாற்காலியை விட்டு எழாதவர்களுக்கும், பொட்டலத் தீனி தின்று வளர்ந்தவர்களுக்கும், மேலே வெயில் படாத பிள்ளைகளுக்கும் உரியது. காடுகரையிலே பாடுபட்டு, கம்பங்கூழும் கேப்பைக்களியும் உண்டு, வேப்பமரத்துக் காற்றிலே படுத்துறங்குகிற ஜனங்களுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. ஆதலால் அந்த நோய் கண்டவர் மாத்திரையைத் தூர எறிந்துவிட்டு எழுந்து நடக்கவேண்டும், நல்ல ஆகாரம் உண்ணவேண்டும், வெளியே போய் வெயில் காயவேண்டும், வேறொன்றும் வேண்டியதில்லை என்பது அந்த அபிப்பிராயம். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணம் உடையவர்களே. தங்கள் பாட்டனாரும் பாட்டியாரும் திடகாத்திரமாக வாழ்ந்ததைக் கண்ணாரப் பார்த்தவர்கள். ஆனால் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதனாலே ஒரு பிழை பிழையில்லாமற் போய்விடாது. அது நோயாளியின் தலையிலே வந்து விடியும்போது கொடுமையாகவும் ஆகிவிடுகிறது.

இந்தச் சித்தாந்தம் மெய்யாக இருக்குமானால், அதற்குச் சாட்சி சொல்லத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கைக் காட்டிலும் தகுதியான இடம் தமிழ்நாட்டிலே அகப்படுவது கடினம். மேற்கிலும் தெற்கிலும் மலைத்தொடர், 1895-ஆம் வருஷத்திலே கட்டி முடிந்த பெரியாற்று அணையிலிருந்து மலையைக் குடைந்துகொண்டு வந்து லோயர்கேம்பில் இறங்குகிற நீர், அந்த நீரை நம்பிக் கூடலூரிலிருந்து கீழ்நோக்கி வரிசையாக இருபோக நெல், சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் கல்லுக்காலும் கம்பியுமாகப் பரந்து கிடக்கும் பன்னீர்த் திராட்சைப் பந்தல்கள், சின்னமனூர் வட்டாரத்து வாழைத் தோட்டங்கள், தென்னந்தோப்புகள். தேகாப்பியாசம், ஆகாரம், ஆகாயவெளி என்று மூன்று ஔஷதம் சொல்கிறார்களே, அவற்றில் முதலாவதும் மூன்றாவதும் இங்கே கூலிவேலை செய்கிற ஒவ்வொரு ஸ்திரீக்கும் நடை பழகிய நாள் முதல் இலவசமாகக் கிடைத்துவருகின்றன. இரண்டாவதோ அவள் கையாலேயே விளைகிறது. அப்படியானால் கானாவிலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலே மனநலப் பிரிவு ஈயடித்துக்கொண்டிருக்கவேண்டும். கோடாங்கியின் உடுக்கைக்கு இந்தப் பக்கத்துக் கிராமங்களிலே வேலையே இருக்கக்கூடாது. இரண்டும் அப்படி இல்லை என்பதை இங்கே குடியிருக்கிற எவரும் அறிவர்.

விடியுமுன்னே கம்பத்திலோ தேவாரத்திலோ போடியிலோ ஜீப்புகள் நிற்கிற முக்கில் போய் நின்றால் இந்தச் சித்தாந்தத்தின் யோக்கியதை கண்ணுக்குத் தெரியும். தலையிலே துண்டும், புடவைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டையும், கையிலே தூக்குச்சட்டியுமாக வந்து கூடுகிற பெண்கள், வண்டி தாங்குகிற எண்ணிக்கைக்கு மேலேயும் நெருக்கி ஏற்றப்பட்டு, கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகளின் வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஏலச்செடியிலே காய் தலைக்கு மேலே தொங்குவதில்லை. ஆளுயரத் தோகைகளுக்கு அடியிலே, தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாகப் படர்ந்த சரங்களிலே இருக்கிறது. ஆகவே காயெடுக்கிறவள் நாள் முழுவதும் குந்தியபடியும் குனிந்தபடியும் ஒரு தூரிலிருந்து மறு தூருக்கு நகர்ந்து, சரத்தை நிமிர்த்திப் பார்த்து, முற்றிய காயை மட்டும் கிள்ளி, பிஞ்சு உதிராமல் விடவேண்டும். மழைக்காலமானால் முதுகிலே பிளாஸ்டிக் தாள் கொங்காணி. காலிலே அட்டைக்குப் பயந்து பூசிய சுண்ணாம்பும் புகையிலையும். எடைக்குக் கூலி என்றால் கை ஓயக்கூடாது. நாட்கூலி என்றால் கங்காணியின் கண் ஓயாது. சாயங்காலம் அதே ஜீப்பிலே இறங்கி வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் போட்டு, தானும் மிச்சத்தை உண்டு படுத்தால், மறுநாள் விடியுமுன்னே மறுபடியும் அந்த முக்கு.

ஜப்பான் தேசத்திலே 1982-ஆம் வருஷம் வனத்துறையார், காட்டுக்குள்ளே சும்மா உலாவுவதற்குக் காட்டுக்குளியல் என்று பெயர் வைத்துப் பிரசாரம் செய்தார்கள். அதன்பின் வந்த ஆராய்ச்சிகள் பலவும், மரங்களுக்கிடையே ஓய்வாக நடப்பதனால் மனக்கொதிப்பு ஓரளவு தணிகிறதென்று சொல்லுகின்றன. சென்னையிலிருந்து மேகமலைக்கு வந்து, பணங்கொடுத்து விடுதியிலே தங்கி, மூடுபனியைப் பார்த்துவிட்டுப் போகிறவர் அடைகிற ஆறுதலும் அந்த வகையைச் சேர்ந்ததே. அதை நான் பரிகசிக்கவில்லை. ஏலத்தோட்டத்துப் பெண்ணோ அவரைவிடப் பல மடங்கு நேரம் மலைக்காற்றிலும் மரநிழலிலுமே கழிக்கிறாள். மரமும் காற்றும் தாமாகவே மருந்தாக வேலை செய்யுமானால், மனோசுகத்திலே இந்தத் தேசத்துக்கே சக்கரவர்த்தினியாக அவள் இருந்திருக்கவேண்டும்.

பிழை எங்கே இருக்கிறதென்றால், உடம்பை அசைப்பதெல்லாம் தேகாப்பியாசம் என்று எண்ணிவிட்ட இடத்திலே இருக்கிறது. டென்மார்க்கிலே ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் இருதய நோயைக் குறித்து வெகுகாலமாகச் சொல்லிவருகிற ஒரு முரண்பாடு உண்டு: ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்கிற பயிற்சி இருதயத்துக்கு நன்மை செய்கிறது, பிழைப்புக்காகச் செய்கிற கடும் உடலுழைப்பு அந்த நன்மையைச் செய்யாததோடு, தீமையையும் செய்யக்கூடும். மனத்தைப் பற்றியும் இதே சேதிதான். 2017-ஆம் வருஷத்திலே ரியானன் ஒயிட் முதலானோர், உடலியக்கம் எந்தச் சந்தர்ப்பத்தில் நிகழ்கிறது என்று பிரித்து, முன்பு வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, ஓய்வு நேரத்து இயக்கம் மனநலத்தோடு சேர்ந்து காணப்பட்டதாகவும், வேலைத்தலத்து இயக்கம் மனநலக் குறைவோடு சேர்ந்து காணப்பட்டதாகவும் கண்டார்கள். சேர்ந்து காணப்படுவதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்பது உண்மை. வறுமை இரண்டுக்கும் பின்னே நிற்கலாம். ஆனால் உழைக்கிறவனுக்கு இந்த நோய் வராது என்று அடித்துப் பேசுகிறவர்களுக்கு அந்தத் திரட்டிலே ஒரு துரும்புகூடக் கிடைக்காது.

இது ஏன் இப்படி என்பதற்கு மர்மம் ஒன்றுமில்லை. பூங்காவிலே நடக்கிறவர் களைத்தால் உட்காருவார். வேகத்தை அவரே கூட்டுவார், அவரே குறைப்பார். முடித்த பிறகு குளித்துவிட்டு ஓய்வெடுப்பார். நேற்றைவிட இன்று இரண்டு சுற்று அதிகம் நடந்தோமென்று ஓர் உள்ளூறும் திருப்தியும் அவருக்கு உண்டு. திராட்சைப் பந்தலின் கீழே அண்ணாந்த கழுத்தும் தூக்கிய கையுமாகக் கவாத்து வெட்டுகிறவனுக்கும், குலை சீவிச் சுத்தம் செய்கிறவளுக்கும் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒரே தசைக்கூட்டம் மணிக்கணக்காக இறுகிக் கிடக்கிறது. இருதயம் விரைந்து துடித்துப் பிறகு அடங்குகிற ஏற்ற இறக்கம் நிகழ்வதில்லை. உடம்பு மீள்வதற்குள் மறுநாள் வந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அசைவு அவனுடையதன்று. மற்றொருவருடைய கணக்குப் புத்தகத்துக்குச் சொந்தமானது. மனச்சோர்வின் மையத்திலே இருக்கிற உணர்ச்சி, நான் எதைச் செய்தும் எதுவும் மாறப்போவதில்லை என்ற அசகாயமாகும். நிர்ப்பந்தத்தினாலே செய்யப்படுகிற வேலை அந்த உணர்ச்சியை உடைப்பதில்லை. நாள்தோறும் அதற்கு ஆதாரம் தேடிக் கொடுக்கிறது.

எதிர்க்கட்சியாரின் பலமான ஆயுதம் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாடுவது நியாயமாகாது. அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் புளூமெந்தால் என்பவரும் சகாக்களும் 1999-இல் வெளியிட்ட பரிசோதனையிலே, ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன மனச்சோர்வு நோயாளிகள் 156 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் செர்ட்ரலின் மாத்திரையும், ஒரு பிரிவுக்குத் தேகப்பயிற்சியும், ஒரு பிரிவுக்கு இரண்டும் கொடுத்தார்கள். 16 வாரம் கழிந்தபோது மூன்று பிரிவாரும் ஏறக்குறைய ஒரே அளவிலே தேறியிருந்தார்கள். 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலிலே வெளியான பெருந்தொகுப்பு 218 பரிசோதனைகளையும் 14,000-க்கு மேற்பட்ட நபர்களையும் எடுத்துக்கொண்டு, நடை, மெல்லோட்டம், யோகாசனம், பளு தூக்கும் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் கணிசமாகக் குறைக்கின்றன என்று முடிவு கூறியது. இவற்றை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஆராய்ச்சிகளை மேற்கோள் காட்டுகிறவர்கள் அவற்றிலே என்ன நடந்தது என்பதைப் படித்துப் பார்த்தார்களா என்பதுதான் என் சந்தேகம். டியூக்கிலே அந்த நோயாளிகளைப் பார்த்து யாரும் ‘எழுந்து நட’ என்று சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. வாரத்துக்கு மூன்று தரம், குறித்த நேரத்திலே, பயிற்றுநர் முன்னிலையிலே, நாடித்துடிப்பை அளவாக வைத்துக்கொண்டு, தம்மைப் போன்ற நோயாளிகளின் கூட்டத்தோடு அவர்கள் பயிற்சி செய்தார்கள். அதற்கென்று தாமாகவே சம்மதித்து வந்தவர்கள் அவர்கள். 2024-ஆம் வருஷத்துத் தொகுப்பாசிரியர்களும் தங்கள் ஆதாரங்களில் பல பலவீனமானவை என்று தாங்களே எழுதிவைத்திருக்கிறார்கள். பயிற்சியை மனோசிகிச்சைக்கும் மருந்துக்கும் பக்கத்திலே வைத்துக் கொடுங்கள் என்றுதான் சொன்னார்களேயன்றி, மருந்தை எடுத்தெறியுங்கள் என்று சொல்லவில்லை. அளவும், நேரமும், துணையும் உள்ளதாகக் கொடுத்தால் நடை ஒரு சிகிச்சை. அவை மூன்றும் இல்லாமல் வாயினாலே மட்டும் கொடுத்தால் அது உபதேசம், நோயாளியின் காதிலே விழும்போது வசவு.

வசவு என்று நான் சொல்வது மிகையன்று. மனச்சோர்வு முற்றினவருக்கு எழுந்திருப்பதே முடியாத காரியமாகிவிடுகிறது என்பது அந்த நோயின் லட்சணங்களிலே ஒன்று. கால் ஒடிந்தவனைப் பார்த்து ஓடினால் கால் கூடிவிடும் என்று சொல்வது எவ்வளவு உசிதமோ அவ்வளவு உசிதம் அவரைப் பார்த்து ‘சும்மா கிடந்தா அப்படித்தான், நாலு எட்டு நடந்துட்டு வா’ என்பதும். அவர் நடக்கமாட்டார், நடக்காததற்குத் தம்மையே நொந்துகொள்வார், தாம் சோம்பேறி, பிறருக்குப் பாரம் என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருக்கிறது, அதற்கு இப்போது ஊராரின் முத்திரையும் கிடைத்துவிடுகிறது.

கிராமத்திலே இந்த நோய் இல்லை என்ற மாயை எப்படி உண்டாயிற்று என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். இங்கே யாரும் மனம் சோர்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துத் திண்ணையிலே ஒரு சாயங்காலம் காது கொடுத்தால் போதும். “கை காலு ஓஞ்சு ஓஞ்சு வருது நர்சம்மா. நெஞ்சுக்குழி அடைக்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்புத் தட்டுனா அப்புறம் பொட்டுத் தூக்கம் இல்ல. சோறு வாயில வச்சா மண்ணு மாதிரி இருக்கு.” இது நெஞ்சு நோயுமன்று, வயிற்று நோயுமன்று, எந்த மனநல மருத்துவரும் பாடப் புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிடக்கூடிய மனச்சோர்வின் வர்ணனை. ஆனால் அவளுக்குக் கிடைப்பது என்ன? ஊரிலுள்ள தனியார் வைத்தியரிடம் போனால் ஒரு பாட்டில் குளுக்கோஸ், ஒரு சத்து ஊசி. வீட்டிலே ‘கண்ணுபட்டிருக்கும்’ என்று ஒரு திருஷ்டிக் கழிப்பு. அதற்கும் அடங்காவிட்டால் கோடாங்கி. பெயர் சொல்லப்படாத நோய் கணக்கிலே ஏறுவதில்லை. கணக்கிலே ஏறாததை இல்லாதது என்று சொல்லிவிடுகிறார்கள் நம் மேடைப் பேச்சாளர்கள். அந்தக் காலத்திலே இதெல்லாம் ஏது என்று கேட்கிறவர்களுக்கு, சித்த வைத்தியத்திலே கிரிகை என்ற தலைப்பின்கீழ் மனநோய்களைப் பதினெட்டு வகையாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறது என்ற ஒரு விஷயம் போதும். இல்லாத நோய்க்கு யாரும் பதினெட்டு வகை வகுப்பதில்லை.

தேசிய மனநல ஆய்வு என்று பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 2015-16-இலே, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களிலே வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வு, மனநோய்கள் பெருநகரங்களிலேதான் அதிகம் என்று கண்டது. எதிர்க்கட்சியாருக்கு இது அனுகூலமான சேதி, வைத்துக்கொள்ளட்டும். அதே ஆய்வுதான் மனச்சோர்வு கண்டவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் எவ்வித சிகிச்சையும் இல்லாமல் இருக்கிறார்கள் என்றும் கண்டது. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரம் தமிழ்நாட்டுக் கிராமந்தான்; அங்கேயும் வயல் உண்டு, வெயில் உண்டு, களி உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் அந்த வட்டாரத்திலே ஒவ்வொரு மரணத்தையும் வீட்டுக்குப் போய் விசாரித்து எழுதிவந்த கணக்கின்படி, 1994 முதல் 1999 வரை லட்சம் பேருக்கு வருஷத்திலே 95 பேர் தற்கொலையினாலே இறந்திருந்தார்கள். அந்நாளைய தேசியக் கணக்கைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. 2004-இலே லான்செட் பத்திரிகையில் வெளிவந்த அவர்களுடைய மற்றொரு கட்டுரை, பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பெண்பிள்ளைகளிடையே அந்த விகிதம் லட்சத்துக்கு 148 என்று சொன்னபோது, கிராமத்து வாழ்வின் நிம்மதியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் சற்றேனும் தயங்கியிருக்கவேண்டும். தற்கொலை எல்லாமே மனச்சோர்வின் விளைவு என்று நான் சொல்லவில்லை. கணநேரக் கோபமும் அவமானமும், கைக்கெட்டுகிற தூரத்திலே விஷமும் சேர்ந்தாலே போதுமாயிருக்கிறது. இலங்கையிலே 1995 முதற்கொண்டு கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்துவந்ததனால் இருபது ஆண்டுகளுக்குள் தற்கொலை விகிதம் எழுபது சதவிகிதம் குறைந்தது. அந்த நாட்டின் வயலும் வெயிலும் நடையும் உணவும் மாறினதாலே அது நிகழவில்லை. மாறியது கடையிலே எதை விற்கலாம் என்ற சட்டம்.

பூச்சிமருந்தின் பேச்சு வந்ததனாலே கம்பத்துக்குத் திரும்புவோம். வெளிக்காற்று நல்லது என்பதிலே எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்தக் காற்று? திராட்சைக்குக் கவாத்து முடிந்த நாளிலிருந்து பழம் முற்றுகிற வரையில் அடிச்சாம்பலுக்கும் பூச்சிக்குமாக மருந்தடிப்பு ஓய்வதில்லை; பந்தலுக்குக் கீழே நின்று மேல்நோக்கி அடிக்கிறவன் மூக்கிலே துண்டைக் கட்டியிருந்தாலும் பாதி மருந்து அவன்மேலேயே இறங்குகிறது. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாகாணங்களிலே விவசாயிகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சியிலே, பூச்சிமருந்தினால் ஒருமுறையேனும் விஷந்தாக்கியவர்களிடையே மனச்சோர்வு அதிகமாகக் காணப்பட்டது. அதற்கு மேலே கடன். முற்றின பன்னீர்த் திராட்சை ஒரு நல்ல மழையிலே வெடித்துவிடும்; வெடித்த பழத்துக்கு வியாபாரி சொன்னதே விலை; கவாத்துக்கும் மருந்துக்கும் வாங்கின கடனுக்கு மட்டும் வெடிப்பு இல்லை. அதற்கும் மேலே சாராயம். டாஸ்மாக் கடைகளை 2003-இலே அரசாங்கமே நடத்தத் தொடங்கின பிறகு, குடிக்கிற புருஷன் கையிலே அடிபடுகிற பெண்ணைப் பார்த்து, அதிகாலையிலே சூரிய வெளிச்சம் கண்ணிலே படும்படி நில் என்று உபதேசிக்கிறவருக்கு என்ன பதில் சொல்வது? அவள் சூரியனுக்கு முன்பே எழுந்துவிடுகிறாள்.

ஆகாரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏனெனில் அந்தத் துறையிலே சொல்லப்படுவதில் பெரும்பகுதி வியாபாரம். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இலே புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பழம் லாரியேறி மலையாளத்துக்கும் மதுரைக்கும் போகிறது. அதைப் பறித்தவளுடைய தட்டிலே ரேஷன் அரிசிச் சோறும் புளிக்குழம்பும் இருக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டிலே 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் மனச்சோர்வைப்போலவே வேஷம் போடக்கூடியவை. ஆகவே, நன்றாகச் சாப்பிடு என்று சொல்லுமுன் இரத்தத்தைப் பரிசோதிக்கவேண்டும், பிறகு சாப்பிடுவதற்குக் கூலி கட்டுகிறதா என்று விசாரிக்கவேண்டும். ஆஸ்திரேலியாவிலே ஃபெலிஸ் ஜாக்கா என்ற அம்மையார் 67 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2017-இலே வெளியிட்ட பரிசோதனையிலே, காய்கறி, பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் நிறைந்த உணவுமுறையைப் பின்பற்றியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பன்னிரண்டு வாரத்திலே நோய் நீங்கப்பெற்றார்கள். மற்றப் பிரிவிலே நூற்றுக்கு எட்டுப் பேர்தான். நம்பிக்கை தருகிற முடிவு. ஆனால் அவர்களிலே பெரும்பாலோர் மருந்தோ மனோசிகிச்சையோ ஏற்கனவே பெற்றுவந்தவர்கள். உணவு நிபுணர் ஒருவர் அவர்களுக்கு ஏழு தரம் நேரிலே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். வெயிலிலிருந்து கிடைக்கிற வைட்டமின் டி-யைக் குறித்து, 18,000-க்கு மேற்பட்டவர்களை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்து 2020-இலே வெளியான பெரிய பரிசோதனையோ, அதை மாத்திரையாகக் கொடுப்பது மனச்சோர்வைத் தடுக்கவில்லை என்று கையை விரித்துவிட்டது. கம்பங்கூழ் உத்தமமான உணவு. அதற்கு இல்லாத பட்டத்தை ஏன் சூட்டவேண்டும்?

மருந்தைக் குறித்த பயமே இந்தச் சித்தாந்தத்தின் அடிவேர் என்று நான் நினைக்கிறேன். மனநல மாத்திரை போட்டால் அடிமையாகிவிடுவான், கல்யாணம் நின்றுபோகும், பைத்தியக்காரப் பட்டம் ஒட்டிக்கொள்ளும் என்கிற பயங்களிலே பின்னவை இரண்டும் சமூகத்தின் குற்றம், மருந்தின் குற்றமல்ல. முதலாவதோ உண்மையே அல்ல: மனச்சோர்வுக்குத் தருகிற மருந்துகள் சாராயத்தைப்போல வேட்கையை உண்டாக்குவதில்லை, பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், தேறிய பிறகும் சில மாதங்கள் தொடரவேண்டும், மருத்துவரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தக்கூடாது, அவ்வளவுதான். மாத்திரையே போதும் என்றும் நான் வாதாட வரவில்லை. கூலி உயராமல், குடி குறையாமல், கடன் தீராமல் மாத்திரையை மட்டும் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற ஆஸ்பத்திரியும் தன் கடமையிலே பாதியைத்தான் செய்கிறது.

செய்கையையும் சிகிச்சையையும் எப்படிச் சேர்ப்பது என்பதற்கு நம் தேசத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. கோவாவிலே விக்ரம் படேலும் சகாக்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் மனச்சோர்வு நோயாளிகள் ஏறக்குறைய ஐந்நூறு பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார்கள். 2017-இலே லான்செட்டில் வெளிவந்தது. வைத்தியப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், ஒவ்வொரு நோயாளியோடும் ஆறு முதல் எட்டுத் தரம் உட்கார்ந்து, உனக்கு முன்பு எது பிடிக்கும், எதை விட்டுவிட்டாய், அதிலே மிகச் சிறியதாக எதை நாளைக்குச் செய்யமுடியும், வீட்டிலே எந்தச் சங்கடத்தை முதலிலே தீர்க்கலாம் என்று கேட்டு, அவரே தேர்ந்துகொண்ட செய்கைகளை ஏறுபடியாக வகுத்துக் கொடுத்தார்கள். மூன்று மாதத்திலே அந்த ஆலோசனை பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் நோய் தணிந்திருந்தார்கள். பெறாதவர்களில் 39 பேர். நாள் முழுவதும் ஏலத்தோட்டத்திலே குந்தியிருந்த பெண்ணுக்கு அந்த ஆலோசகர் இன்னும் ஒரு மைல் நட என்று சொல்லமாட்டார். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போய் ஒரு பகல் படுத்துறங்கிவிட்டு வா என்று சொல்லக்கூடும். அவளுக்கு அதுவே தேகாப்பியாசம்.

தமிழ்நாட்டிலே 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற பெயரால் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டு வீடுதோறும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வருகிறார்கள். அவர்களே, இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா, மனம் தளர்ந்து கிடக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, ஆம் என்றவரைக் கோவாவிலே செய்ததுபோலப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் சேர்ப்பித்தால், கம்பத்திலும் தேவாரத்திலும் குளுக்கோஸ் பாட்டில்களின் விற்பனை பாதியாகக் குறையும். இதைச் செய்யும்படி அரசாங்கத்தைக் கேட்கவேண்டியவர்கள் நம் பேச்சாளர்களும் பத்திரிகைக்காரர்களும். நாலு எட்டு நடந்துவிட்டு வா என்று நோயாளியிடம் சொல்வதிலே செலவிடுகிற மூச்சை அதற்குச் செலவிடுமாறு அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.

வாசகர் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருப்பாரானால், அவரைத் தனியே நடக்க அனுப்பாமல் கூடவே நடந்து கானாவிலக்கு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டு போகலாம். அதற்கும் வழியில்லாத வேளையிலே, ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரால் தமிழ்நாட்டிலே நடைபெறும் 14416 என்ற தொலைபேசி எண் உண்டு. இரவு பகல் எந்நேரமும் தமிழிலே பேசலாம், கட்டணம் கிடையாது.